பத்து சென்னுக்கு ஒரு பக்கம்

வீட்டுக் கடனுக்கு மனுச் செய்யலாம் என்று
அமைச்சு அறிவித்த வாரம்
என் கடை மெஷின் இரண்டு முறை சூடேறி நின்றது.
சுங்கை தெம்பாகாவில் நகல் எடுக்க
இந்த ஒரு கடைதான்,
கோழிக் கடைக்கும் நாலு நம்பர் கடைக்கும் நடுவில்.

முன்னும் பின்னும் அடையாள அட்டை,
மூன்று மாதச் சம்பளச் சீட்டு,
சேமநிதிக் கணக்கு,
கல்யாணப் பத்திரம், இல்லையென்றால்
ஏன் இல்லை என்று ஒரு கடிதம்.
எல்லாவற்றையும் கண்ணாடிமேல் குப்புறக் கவிழ்க்கிறேன்.
பச்சை வெளிச்சம் ஒரு முறை தடவிப் போகிறது.
லயத்தில் யார் கைக்கு எவ்வளவு வருகிறதென்று
சாமிக்கு அடுத்து எனக்குத்தான் தெரியும்.
வாய் திறப்பதில்லை.
பத்து சென்னில் அதுவும் சேர்த்தி.

பவளக்கொடி மத்தியானம் வந்தாள்.
உதிரிப் பழம் பொறுக்குகிறவள்,
நகக்கண்ணில் செம்பனைக் கறை.
ஐம்பத்தோரு வயதுக்கு முப்பத்தைந்து வருடக் கடன் கிடையாதாம்,
மகன் கையெழுத்தும் வேண்டுமாம்.
மகன் ஜொகூர் பாலம் தாண்டி வேலைக்குப் போகிறவன்,
மோட்டார் சைக்கிள் தவணை மூன்று பாக்கி.
"அதை நான் கட்டிட்டேன், ரசீது இருக்கு,
அதையும் எடு."

செப்டம்பர்: ஆயிரத்து எழுநூற்று நாற்பது வெள்ளி.
அக்டோபர்: ஆயிரத்து அறுநூற்றுச் சொச்சம்.
நவம்பர்: ஆயிரத்து நூற்றுப் பன்னிரண்டு.

பாரத்தில் ஒரு கட்டம்: நிலையான வருமானம்.
நவம்பரில் பதினான்காம் நம்பர் காட்டில்
முழங்கால் தண்ணீர்.
பழம் மிதந்தது, ஆள் இறங்கவில்லை.
இதை எங்கே எழுதுவது?
சீட்டின் ஓரத்தில் அவளே
பென்சிலால் எழுதி வைத்திருந்தாள், 'மழை' என்று.
நகலில் அது விழவில்லை.
அடர்த்தியைக் கூட்டினேன்.
மழை வந்தது. கூடவே
மடிப்பு வந்தது, வியர்வை வந்தது,
இரண்டு விரல் ரேகையும் வந்தது.
"பரவால்ல, இதையே குடு" என்றாள்.
வேலை நின்றால் லயத்து வீட்டுச் சாவியும் போகும்.
அவளுக்கு இன்னும் ஒன்பது வருடம்.

சாயங்காலம் மேம்பாட்டாளர் ஆபீஸ் பையன் வந்தான்,
வாசனைச் சட்டை, முந்நூறு பக்கம், சுருள் பைண்டிங்.
சந்தியில் நிற்கிற விளம்பரப் பலகை அவர்களுடையது:
மூன்று அறை, எழுநூறு சதுர அடி,
பழைய விலைமேல் ஒட்டிய புது விலை
வெயிலில் ஓரம் சுருண்டு
கீழே இருந்த விலையைக் காட்டுகிறது.
நிலம் தோட்டத்துடையது, பாதிப் பணம் அரசாங்கத்துடையது,
அவர்கள் கடன் எப்போதோ பாஸாகிவிட்டது.
அடிக்கல் மட்டும் புல்லுக்குள் இருக்கிறது.

நாற்பத்தோராம் பக்கம் மாட்டிக்கொண்டது.
இழுத்து எடுத்தபோது கண்ணில் பட்டது:
'நவம்பரில் பெய்த தொடர்மழை காரணமாக
ஆறு மாதக் கால நீட்டிப்பு.'
கீழே முத்திரை.
அங்கீகரிக்கப்பட்டது.

அதே நவம்பர்.
அதே மழை.

பையன் போனில் யாரையோ 'பாஸ், பாஸ்' என்றுகொண்டிருந்தான்.
நான் அந்தப் பக்கத்தை இன்னொரு தரம் கவிழ்த்தேன்.
முந்நூறுக்குத்தான் காசு வாங்கினேன்.
மறுநாள் பவளக்கொடி ஃபைலை எடுக்க வந்தபோது
நவம்பர் சீட்டுக்குப் பின்னால்
ஒரு தாள் கூடியிருந்தது.
நான் வாய் திறக்கவில்லை.

ஃபைல் போன வாரம் திரும்பி வந்தது.
மகனுடைய அடையாள அட்டை தெளிவாக இல்லையாம்,
மறுபடி எடுத்து அனுப்பச் சொன்னார்கள்.
ஒவ்வொரு தாளாகப் பிரித்துப் பார்த்தேன்.
நாற்பத்தோராம் பக்கத்தின்மேல்
வட்டமாக ஒரு டீ கிளாஸ் தடம்.
யாரோ கையில் எடுத்திருக்கிறார்கள்.
படித்தார்களா,
மேசை நனையாமல் இருக்க வைத்தார்களா,
தெரியவில்லை.

வெளியே இருட்டிக்கொண்டு வருகிறது.
மகனின் அட்டையைக் கண்ணாடியில் வைத்து
அடர்த்தியைக் குறைக்கிறேன்.